வயது எழுதிய உறைகள்

போன மாதம் உங்களில் ஒருத்தி எனக்கு ஃபோன் செய்தாள். பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறதாம். "அக்கா, எங்க லைன்ல ஒருத்தரு நாப்பத்தஞ்சு வயசுலயே வேலைய விட்டுட்டு வீட்ல நின்னுக்கணும்ங்கிறாரு. எந்தக் கணக்குல காசு போடச் சொல்றது? எதுல டிவிடெண்ட் கூட கிடைக்கும்?" என்று கேட்டாள்.

"அவரு எதுக்கு நின்னுக்கணும்ங்கிறாரு?" என்றேன்.

"அது கேக்கலையேக்கா."

வழக்கமாக இந்த மாதிரி பதிலுக்கு நான் ஒரு பாட்டம் திட்டுவேன். அன்றைக்கு வாய் வரவில்லை. அவள் நாலு மாதத்துக் குழந்தை. நான் அதே நாற்காலியில் இருபத்து நாலு வருடம் உட்கார்ந்த பிறகும் அதைக் கேட்காமல் விட்டவள். அவளுக்கு ஃபோனில் பாதி சொன்னேன். மீதியை இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பிறையில் மின்னணு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் பர்சனல் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் இருந்தேன். வீடு தீவுப் பக்கம் ஆயர் ஈத்தாமில் ஒரு பிளாட். விடியும் முன்னே கம்பெனி பஸ், கடல் பாலத்தைத் தாண்டி அக்கரை, சாயங்காலம் மறுபடி அதே பாலம். அறுபது நிறைந்து வீட்டுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. பெயர் மங்களம். தொழிற்சாலையில் மங்களாக்கா. என்னைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஃபாரம் நிரப்பிக் கொடுப்பவள் எல்லாருக்கும் அக்காதான்.

எனக்கு அப்போது ஒரே ஒரு மந்திரம் தெரியும். யார் வந்து, "அக்கா, கொஞ்சம் காசு மிஞ்சுது, என்ன பண்ணலாம்?" என்றாலும், "சேமநிதியில போடு. பூட்டிட்டு மறந்துடு" என்பேன். காரணம் இல்லாமல் சொல்லவில்லை. ஒரு வீட்டில் மொத்தப் பணம் வந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும், அந்த வாரமே உறவு கதவைத் தட்டும். சும்மா வராது, ஒரு பை பழத்தோடு வரும். தங்கச்சி மகள் கல்யாணம், மச்சானின் சாப்பாட்டுக்கடை, கோயில் கும்பாபிஷேகம் என்று ஏதாவது இருக்கும். "தர மாட்டேன்" என்று சொல்ல நம் ஆட்களுக்கு நாக்கு எழும்பாது. "சேமநிதியில மாட்டிக்கிச்சு, எடுக்க முடியாது" என்று சொல்ல எழும்பும். அந்த ஒரு வாக்கியத்தால் பிழைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் ஓய்வு வயது வரை திறக்காத அந்தப் பூட்டு என்றால் எனக்குச் சாமி மாதிரி.

மணிவண்ணன் என் மேசைக்கு வந்தபோது அவனுக்கு நாற்பத்து இரண்டு வயது. மெஷின் பழுதுபார்க்கும் பிரிவில் டெக்னீஷியன். என்னைவிட ஒன்பது வயது சின்னவன், அதிகம் பேசாதவன். அவன் மனைவி சரோஜா லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் வேலை பார்த்தாள். ஒரே மகள், ரூபா. அவளுக்குப் பிறவியிலேயே வளர்ச்சி மெதுவாக இருந்தது. பதின்மூன்று வயதில் ஐந்து வயதுப் பிள்ளையின் பேச்சு. பள்ளியில் சிறப்பு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த கிளாஸ் பத்தொம்பது வயசு வரைக்கும்தான்" என்றான் மணி. "அது முடிஞ்சா பகல்ல அவளோட யாரு இருக்கறது? வெளிய யார நம்பியும் பொண்ணுப் பிள்ளைய விட முடியாதுலா. சரோஜா சம்பளத்துல வீட்டு லோனும் அரிசியும் ஓடிரும். நான் அந்த வருசம் வேலைய விட்டுடறேன். இன்னும் ஆறு வருசம் இருக்கு. ஓவர்டைம் காச மாசாமாசம் எதுலயாவது போட்டு வைக்கணும். எதுல போடறது?"

பாருங்கள், அவன் எல்லாவற்றையும் சொன்னான். எதற்கு என்றும் சொன்னான், எப்போது என்றும் சொன்னான். என் காதில் விழுந்தது கடைசிக் கேள்வி மட்டும்தான். எதுல போடறது? அதற்குப் பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"சேமநிதியில கூடுதலா போடு. மிச்சத்த இப்ப புதுசா வந்திருக்கே, தனியார் ஓய்வுத் திட்டம், அதுல போடு. வரியும் குறையும்" என்றேன். இரண்டு ஃபாரத்தையும் என் கையாலேயே நிரப்பினேன். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு, "உங்ககிட்ட விட்டா எனக்குக் கவலை இல்லக்கா" என்று சொல்லிப் போனான். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். அந்தக் காலத்தில் சேமநிதியில் இரண்டு கணக்குகள். போடுகிற காசில் பெரும்பங்கு முதல் கணக்குக்குப் போகும். அது ஐம்பத்தைந்து வயதில் திறக்கும். மீதி இரண்டாவது கணக்குக்கு. வீடு, படிப்பு, வைத்தியம் என்று காரணம் காட்டாமல் எடுக்க வேண்டுமானால் அது ஐம்பதில் திறக்கும். தனியார் திட்டத்திலும் பெரும்பங்குக்கு ஐம்பத்தைந்துதான். மீதியை முன்னால் எடுத்தால் அதற்கு ஒரு வரி வெட்டு. மணி நாற்பத்தெட்டில் வேலையை விடப்போகிறவன். நான் அவனுக்குக் காட்டிய எந்தக் கதவுக்கும் அந்த வயதில் சாவி கிடையாது. ஆறு வருடம், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் உட்பட, அவன் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் காசைப் போட்டுக்கொண்டே இருந்தான். பழைய மோட்டார் சைக்கிளைக்கூட மாற்றவில்லை.

ரூபாவுக்குப் பத்தொன்பது ஆன வருடம் தொழிற்சாலையில் ஆள் குறைப்பு வந்தது. விருப்பப்பட்டு விலகுகிறவர்களுக்குச் சேவைக் காலத்தைக் கணக்கிட்டு ஒரு தொகை. மற்றவர்கள் முகம் வாடி நின்றபோது மணி மட்டும் சிரித்துக்கொண்டே வந்து கையெழுத்துப் போட்டான். எப்படியும் போகப்போகிறவனுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. ஆனால் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற முடியாது. அவனுடைய அடையாள அட்டையை நான்தான் வாங்கி வைத்தேன்.

பணம் கைக்கு வந்த பத்தாம் நாள் அவன் என்னைக் கூப்பிட்டான். குரலே சரியில்லை.

"அக்கா, எங்க அண்ணன் ரெண்டு தடவ வந்துட்டாரு. ரெண்டாவது லாரி எடுக்கணுமாம். நேத்து பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வந்தாரு. நான் மாட்டேன்னு சொல்லத் தெரியாதவன். அடுத்த தடவ வந்தா குடுத்துருவேன். இதையும் பூட்டிடுங்கக்கா."

பூட்டு என்று கேட்டால் நான் சும்மா இருப்பேனா? அன்று சாயங்காலமே ஃபாரத்தை நிரப்பினேன். மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, அவனைக் கூட்டிக்கொண்டு டவுனில் இருந்த சேமநிதிக் கிளைக்குப் போனேன். வங்கியில் எடுத்த டிராஃப்ட் அவன் சட்டைப்பையில் இருந்தது. நிமிடத்துக்கு ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண், இருபத்தைந்து இருபத்தாறு வயதுதான் இருக்கும். என் ஃபாரத்தைப் படித்தாள். திரையைப் பார்த்தாள். மணியைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அபாங் இன்னும் வேலை செய்றாரா?" என்று மணியை அண்ணன் முறை வைத்து மலாயில் கேட்டாள்.

"போன மாசம்தான் விட்டார்" என்றேன் நான்.

"வேற வேலைக்குப் போவாரா?"

"இல்லை. வீட்டில் மகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்."

அவள் ஃபாரத்தைத் தன் பக்கம் இழுக்கவில்லை. விரலால் மெதுவாக என் பக்கம் தள்ளினாள். "இவருக்கு நாற்பத்தெட்டு. இருக்கிறதெல்லாம் உள்ளேதான் இருக்கு. இதையும் உள்ளே போட்டா, இந்த ஏழு வருசத்துக்கு... மாக்கான் அப்பா, கா?" என்றாள்.

என்னத்தைச் சாப்பிடுவார், அக்கா? அவ்வளவுதான் கேட்டாள். குரலில் குத்தல் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் கேட்கிற மாதிரி கேட்டாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். நான் ஃபாரம் நிரப்ப ஆரம்பித்தபோது இவள் பிறந்திருக்க மாட்டாள், எனக்குப் பாடம் சொல்ல வந்துவிட்டாள் என்று நினைத்தேன். பின்னால் வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். மணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் தலையாட்டினால் அவன் டிராஃப்டை எடுத்து நீட்டிவிடுவான். "பரவாயில்லம்மா, நாங்க யோசிச்சுத்தான் வந்திருக்கோம், சாப் அடி" என்று முத்திரை குத்தச் சொல்ல எனக்கு அரை நொடி போதும். சொல்லியிருந்தால் என் மானம் அந்த இடத்தில் தப்பியிருக்கும்.

இந்த வேலையில் நெருக்கடி என்றால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நெருப்புப் பிடிப்பது, மெஷின் நிற்பது எல்லாம் மற்றவர்களுடைய நெருக்கடி. நம்முடையது இப்படித்தான் வரும். நாம் சொன்னது தப்பு என்று நமக்குத் தெரிந்துவிட்டது, நம்மை நம்பியவனுக்கு இன்னும் தெரியவில்லை. அந்த அரை நொடிதான்.

ஃபாரத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். "நன்றி மா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அது அப்போது மனதார வந்த நன்றி இல்லை. மனதார வர ஒரு மணி நேரம் ஆனது.

எதிரே ஒரு காப்பிக் கடை. இரண்டு தே தாரிக் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். "மணி, நான் தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

அவன் புரியாமல் பார்த்தான்.

"நீ நாப்பத்தெட்டுல நிக்கணும்னு சொன்ன. நான் அம்பத்தஞ்சுல நிக்கறவனுக்குச் சொல்றத உனக்குச் சொல்லிட்டேன். ஆறு வருசக் காசு உன்னுதுதான், பத்திரமா இருக்கு, ஆனா இப்ப உனக்கு அது ஆகாது. இந்த டிராஃப்டும் உள்ள போயிருந்தா அடுத்த மாசமே நீ வேற வேலை தேடணும்."

"அப்ப ரூபா?" என்றான்.

திட்டவில்லை, கத்தவில்லை. அந்த இரண்டு சொல்தான். வேறு வேலைக்குப் போகலாம், ஆனால் அதற்கு ரூபாவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும். எங்கள் சமூகத்தில் அப்படிப் பூட்டப்பட்ட பிள்ளைகளை நானும் அறிவேன், அவனும் அறிவான்.

என் கைப்பையில் எப்போதும் பழைய சம்பள உறைகள் கொஞ்சம் கிடக்கும். சம்பளம் வங்கிக்குப் போக ஆரம்பித்த பிறகு மிஞ்சிப்போன பழுப்பு உறைகள். பசார் கணக்கு எழுத, சில்லறை போட என்று எடுத்து வைத்திருப்பேன். அதில் எட்டு உறையை எடுத்தேன். ஒவ்வொன்றின் மேலும் ஒரு வயது எழுதினேன். 48, 49, 50 என்று 55 வரைக்கும். மேசையில் வரிசையாக அடுக்கினேன். கடைக்காரர் நாங்கள் ஏதோ சூதாடுகிறோம் என்று ஒரு மாதிரிப் பார்த்தார்.

"எந்தக் காசு எங்க இருக்குன்னு இப்ப பேச வேணாம். எந்தக் காசு எந்த வயசுல உன் கைக்கு வருதோ அந்த உறையில போடு" என்றேன். துண்டுத் தாளில் எழுதி எழுதி உறைக்குள் வைத்தோம். 55 உறையில் முதல் கணக்கு, தனியார் திட்டம், ஆறு வருட வட்டி எல்லாம் வந்து விழுந்தன. கல்யாண வீடு மாதிரி நிறைந்திருந்தது. அதற்கு முன்னால் 50 உறையில் மட்டும் இரண்டாவது கணக்கின் ஒரு சீட்டு, மற்ற ஆறும் காலி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதை மேசைமேல் விரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு டிராஃப்டைப் பிரித்தோம். மாதம் எவ்வளவு இருந்தால் மூன்று பேர் மானமாகச் சாப்பிடலாம் என்று அவனையே சொல்லச் சொன்னேன். அவன் சொன்ன தொகை என் வயிற்றுக்கே போதாது. கொஞ்சம் ஏற்றினேன். அந்தக் கணக்கில் டிராஃப்ட் மூன்று வருடத்துக்கு வந்தது. ஐம்பதில் திறக்கும் இரண்டாவது கணக்கு இன்னொரு மூன்று வருடத்துக்கு. ஐம்பத்து மூன்று வரைக்கும் உறைகள் நிரம்பின. ஐம்பத்து நாலு வெறுமையாகவே இருந்தது. எப்படி மாற்றி வைத்தாலும் ஏதாவது ஒரு உறை காலி.

அந்தக் காலி உறை என்னுடையது. ஆறு வருடக் காசில் பாதியையாவது சாதாரண வங்கிக் கணக்கில் போடச் சொல்லியிருந்தால் அது நிறைந்திருக்கும். மணியிடம் அதையும் சொன்னேன்.

அவன் காலி உறையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அக்கா, நீங்க பூட்டாம விட்டிருந்தா அந்தக் காசுல எங்க அண்ணன் லாரி ஓடிக்கிட்டிருக்கும். மத்ததும் இருந்திருக்காது" என்றான். பிறகு, "இதுக்கு நான் வீட்லயே ஃபேன், வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்த்துச் சேத்துக்கிறேன். அவ பக்கத்துல இருந்து ஸ்க்ரூ எடுத்துக் குடுப்பா" என்று 54 உறையை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். தப்புச் செய்தவளுக்கு, தப்பால் அடிபட்டவன் ஆறுதல் சொல்கிறான். நான் தே தாரிக்கைக் குடிக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

காசு வெளியே இருந்தால் அண்ணன் வருவாரே என்ற பிரச்சினை பாக்கி இருந்தது. டிராஃப்டை மூன்று நிரந்தர வைப்பாகப் பிரித்து வங்கியில் போட்டோம். "யாரு கேட்டாலும், மங்களாக்கா கையெழுத்து இல்லாம எடுக்க முடியாதுன்னு சொல்லு" என்றேன். அது சுத்தப் பொய். என் பெயர் அதில் எங்கேயும் இல்லை. நீங்கள் இப்படிச் செய்யாதீர்கள், உத்தியோகத்தில் இருப்பவர் செய்யக்கூடாத வேலை. ஆனால் நான் செய்ததற்கு வருந்தவும் இல்லை.

மூன்றாவது வாரம் மணியின் அண்ணன் நாதன் என் பிளாட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பை பேரிக்காய்.

"அக்கா, நீங்கதான் சைன் போடணுமாமே? ஒரு வருசத்துல திருப்பிக் குடுத்துருவேன்லா. கூடப் பொறந்தவனுக்கு நான் துரோகம் பண்ணுவேனா?"

"தாராளமா சைன் போடறேன்" என்றேன். "அந்தக் காசு இல்லன்னா மணி வேலைக்குப் போகணும். அப்ப ரூபாவ யாராவது பாத்துக்கணும். நீங்க பெரியப்பாதானே? லாரிக் கடன் கட்டி முடியிற வரைக்கும் காலைல ஏழுலருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் நீங்க பாத்துக்குங்க. நாளைக்கே சைன்."

நாதன் காப்பியைக் குடித்தார். மலைப்பக்கம் மழை இருட்டுகிறது என்று சொன்னார். எழுந்து போனார். பேரிக்காய் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. அதற்குப் பிறகு தீபாவளிக்குத் தீபாவளி ரூபாவுக்குப் புதுத் துணி அவர் கணக்கில்தான் வருகிறது. லாரியைப் பற்றி மட்டும் என்னிடம் பேசுவதில்லை.

பெருந்தொற்று வந்தபோது சேமநிதியின் பூட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார்கள். பலர் எடுத்தார்கள், பலருக்கு அது உயிர் காத்தது. மணி எனக்கு ஃபோன் செய்தான். "எல்லாரும் எடுக்கறாங்கக்கா, நானும் எடுக்கவா?" "இந்த வருச உறை நிறைஞ்சிருக்கா?" "இருக்கு." "அப்ப எதுக்கு?" "சரிக்கா" என்று வைத்துவிட்டான். ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. எட்டுப் பழுப்பு உறை செய்கிற வேலையை எந்த ஆலோசகராலும் செய்ய முடியாது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

கவுண்டர் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காப்பிக் கடையில் எட்டு உறையை அடுக்கும்போதே எனக்கு உறைத்தது, அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஃபாரம் சரியாக இருந்தது, பணம் இருந்தது, முத்திரை குத்தியிருந்தால் அவள் வேலை முடிந்தது. ஒரு கேள்வி கேட்டதால் வரிசை தாமதமானது, இந்தக் கிழவி முறைத்தாள், அவளுக்கு ஒரு சென் காசுகூட லாபம் இல்லை. அப்படியும் கேட்டாள். ஒரு மாதம் கழித்து லிட்டில் இந்தியாவில் ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு போனேன். வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிவிட்டதாகச் சொன்னார்கள். யார் என்று சொல்ல எனக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. சட்டையில் பெயர் மாட்டியிருந்தாள், கோபத்தில் நான் படிக்கவில்லை. லட்டை அங்கிருந்தவர்களுக்கே கொடுத்துவிட்டு வந்தேன். என் முப்பத்து மூன்று வருடத்தில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால் என்னைவிட முப்பது வயது சின்னவளான அந்தப் பெண்ணைத்தான் சொல்வேன். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்த மூன்று வருடமும், சீக்கிரம் விலக வேண்டும் என்று யார் வந்தாலும் முதலில் உறைதான் எடுத்தேன். டிவிடெண்டைக் கடைசியில் பேசினேன். இப்போது சேமநிதியில் மூன்றாவதாக ஒரு கணக்கு வந்திருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். நாளைக்கு இன்னொன்று வரும், பெயர்கள் மாறும், வயதுகள் மாறலாம். நீங்கள் கணக்கின் பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள். அது எந்த வயதில் திறக்கும் என்று கேளுங்கள். பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐம்பத்தைந்துக்குப் பிறகும் வாழ்க்கை நீளம், அதற்குப் பூட்டு வேண்டும். அதுவரைக்கும் சோறும் வேண்டும். சீக்கிரம் விலகுகிறவருக்கு நடுவில் ஒரு காலி உறை கண்டிப்பாக இருக்கும். அதை அவர் வேலையில் இருக்கும்போதே கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் நம் வேலை. எதற்கு விலகுகிறார் என்று கேட்டால்தான் அந்த உறை கண்ணில் படும்.

இந்த வருடம் மணிக்கு ஐம்பத்தைந்து.

போன சனிக்கிழமை நாலு மணி இருக்கும், வீட்டு மணி அடித்தது. கம்பிக் கதவுக்கு வெளியே ரூபா நின்றாள். இருபத்தாறு வயது. தலையைப் படிய வாரி, அம்மாவின் கடைப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். பின்னால் யாரும் இல்லை. நான் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தேன்.

"தனியா வந்தேன்" என்றாள். "பஸ்ல. ஜெட்டி பஸ் ஸ்டாண்டுல ஏறினேன். அம்மா ஏத்திவிட்டாங்க. நானே பெல் அடிச்சேன். நானே எறங்கினேன்."

ஏழு வருடம், மழை நாள் தவிர ஒவ்வொரு நாளும், மணி அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போனது எனக்குத் தெரியும். முதல் வருடம் கையைப் பிடித்துக்கொண்டு. பிறகு பக்கத்து இருக்கையில். பிறகு நாலு இருக்கை பின்னால். பழுது பார்க்கும் வேலையை எல்லாம் பஸ் நேரம் போக மிச்ச நேரத்தில்தான் வைத்துக்கொண்டான். எந்தப் பள்ளியும் அவளுக்குக் கற்றுக்கொடுக்காததை அந்த ஏழு உறைகள் கற்றுக்கொடுத்திருந்தன.

"அப்பா எங்கம்மா?"

"அப்பா வீட்ல" என்றாள் உறுதியாக.

பையிலிருந்து ஒரு டப்பா அதிரசமும் ஒரு பழுப்பு உறையும் எடுத்துக் கொடுத்தாள். உறை ஓரமெல்லாம் நைந்து, மடித்த இடத்தில் கிழிந்திருந்தது. மேலே 54 என்று என் கையெழுத்து. உள்ளே துண்டுத் தாள்கள், மணியின் எழுத்தில். மூன்றாம் மாடி வாஷிங் மெஷின். கோயில் மைக். எதிர்வீட்டு ஃபேன், இரண்டு. ஒவ்வொன்றின் கீழும் ரூபா தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதியிருந்தாள். உதவியாளர் கையெழுத்து போலிருக்கிறது. எண்ணிப் பார்க்கவில்லை. உறை நிறைந்திருந்தது.

மைலோ கலக்கிக் கொடுத்தேன். குடித்து முடித்து, கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டு, "பஸ் வரும்" என்று கிளம்பினாள். கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினாள். நான் தாழ்வாரத்தில் நின்று பார்த்தேன். கீழே இறங்கினாள். இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்தாள். நிறுத்தத்தில் ஒரு சீனப் பாட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். பழக்கடை வேனுக்குப் பின்னால் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு, பழம் பார்ப்பவன் போல நின்றிருந்தான். அந்த மோட்டார் சைக்கிளை எனக்குத் தெரியாதா?

நான் கூப்பிடவில்லை. பஸ் வந்தது. ரூபா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையசைத்தாள். பஸ் கிளம்பியது. கொஞ்சம் இடைவெளி விட்டு அந்த மோட்டார் சைக்கிளும் கிளம்பியது.